வேளாங்கண்ணி வரைக்கும் வந்த கேஸ் வாசனை

கோபக்கார நைனாவுக்கு, உன்னைவிட ஒரு பிடி கூடுதலாகவே கோபம் வாய்த்த உன் மூத்த மகள் எழுதுவது.

நல்லா இருக்கியா என்று கேட்டால் அபத்தம். மேலே சண்டை போட ஆள் கிடைத்ததா என்று வேண்டுமானால் கேட்கலாம். ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிய காலத்தில் ஃபோர்மேனோடு சண்டை. ரேஷன் கடையில் சண்டை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாட்டு இழுத்துக்கொண்டே போனால் பாடகர் குழுவோடும் சண்டை. எல்லோரும் நல்லவர்களாக இருக்கிற இடத்தில் உனக்கு எப்படித்தான் பொழுது போகிறதோ என்று நானும் அம்மாவும் பேசிச் சிரிப்போம். சிரித்து முடித்த பிறகு அம்மா கொஞ்ச நேரம் முந்தானையை முகத்திலிருந்து எடுக்கமாட்டாள்.

இங்கத்திய சமாச்சாரம் சொல்கிறேன். எர்ணாவூரில் நம் தெரு அப்படியேதான் இருக்கிறது. மழை பெய்தால் கணுக்கால் அளவு தண்ணீர், வெயில் அடித்தால் லாரிப் புழுதி. மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பினால் அதே அழுகின முட்டை நாற்றம். அம்மாவுக்கு முட்டி வலி. எனக்குப் பாரிமுனையில் அதே ஆபீஸ், அதே பஸ், அதே நெரிசல்.

நம்ம சேவியர் தண்டையார்பேட்டையில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு மறுபடியும் வேலைக்குப் போகிறான், நைனா. அரை நாள் வேலைதான். ஆனால் காலையில் தானே எழுந்து, தானே குளித்து, சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டு போகிறான். இந்த வரியை நீ திரும்பத் திரும்பப் படிப்பாய் என்று எனக்குத் தெரியும்.

உனக்கு எழுதுகிறேன் என்றாலும் நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நம் பக்கத்தில் இன்னும் எத்தனை வீட்டில் ஒரு பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதோ. சேவியிடம் கேட்டுக்கொண்டேன். "பேரு போட்டுக்கோக்கா. போட்டோ மட்டும் வோணாம், தொப்பை வெச்சிருச்சு" என்றான்.

நீ ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டாய். உன் இருதயத்தைப் பற்றி டாக்டர் சொல்லிக்கொண்டிருந்த எதுவும் உன் காதில் ஏறவில்லை. "சேவிக்கு இன்னாதாம்மா ஆச்சு? நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்றாய். "ஒண்ணும் இல்ல நைனா, சரியாப் பூடும்" என்றேன். நீ என்னை முறைத்தாய். அன்றைக்கு எனக்கு நிஜமாகவே பதில் தெரியாது. இப்போது தெரியும். ஆனால் போன மாதம் ஒரு காரியம் நடந்து, தெரிந்ததெல்லாம் மறுபடி குழம்பி, சேவி மாத்திரையை விட்டுவிடுவானோ என்று நான் சோறு இறங்காமல் கிடந்தேன். அதையும் உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

முதலில் அவனுக்குத் தூக்கம் போனது, நினைவிருக்கிறதா? ஷிப்ட் மாறினதால் என்றோம். அப்புறம் கேரம் கிளப்புக்குப் போவது நின்றது. கப்பு வாங்கினவன் அந்தப் பலகையைத் தொடவே மாட்டேன் என்றான். பட்டறையில் எல்லோரும் தன்னைப் பற்றியேதான் பேசுகிறார்கள் என்று சொல்லி வேலையை விட்டான். குளிக்கச் சொன்னால் எரிந்து விழுந்தான். தட்டில் போட்ட சோற்றை முகர்ந்துவிட்டுத் தள்ளினான். யாரோ ஒரு பெண் ஏமாற்றிவிட்டாள் என்று அம்மா முடிவு கட்டினாள். ராயபுரத்திலிருந்து வந்த ராயப்பன் சித்தப்பா, "திமிரு, ரெண்டு வெச்சா சரியாப் பூடும்" என்றார். நீ உன் தம்பியை வாசல் வரைக்கும் துரத்திவிட்டு, மகனுக்கு வஞ்சிரம் வாங்கிவரக் காசிமேட்டுக்குப் போனாய்.

அதற்கப்புறம்தான் அவன் கேஸ் வாசனை என்று ஆரம்பித்தான்.

வேறு ஊரில் ஒரு பையன் காலையும் மாலையும் கேஸ் வாசனை வருகிறது என்று சொன்னால், வீட்டில் இருப்பவர்கள் முதலில் அடுப்பைப் பார்ப்பார்கள், அப்புறம் அவனைப் பார்ப்பார்கள். நம் ஊரில் யார் அப்படிப் பார்ப்பது? நாமும் கூடச் சேர்ந்து முகர்ந்தோம். எர்ணாவூரில் மூச்சை இழுத்தால் ஏதாவது ஒரு நாற்றம் வராமலா போகும்? "ஆமாண்டா, எனக்கும் வருது" என்றோம். நீயும் சொன்னாய், நானும் சொன்னேன், வந்துபோன போஸ்ட்மேன்கூடச் சொன்னார்.

நீதான் கடைக்குப் போய் அகலமான டேப்பாகப் பார்த்து வாங்கிவந்தாய். ஸ்டூல் மேல் நீ ஏறிக்கொள்ள, கீழே அவன் டேப்பைக் கிழித்துக் கொடுக்க, அப்பனும் மகனும் எல்லா ஜன்னலையும் ஒட்டினீர்கள். உள்ளே வெந்து செத்தோம் நானும் அம்மாவும்.

அதோடு விட்டாயா? நேராக மணலியில் புகை விடுகிற கம்பெனி கேட்டுக்கே போய்விட்டாய். "எம்புள்ள மூச்சு முட்டிச் சாவுறான், நீ இன்னாடான்னா குந்திகினு டீ குட்ச்சிகினு கீற!" என்று செக்யூரிட்டி சட்டையைப் பிடித்தாய். அந்த ஆள் பாவம், "பெரிசு, எனக்குந்தான் கண்ணு எரியுது, நான் யாராண்ட போயி சொல்றது?" என்றாராம். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து டீ குடித்துவிட்டு வந்தீர்கள். அதைச் சொல்லும்போது நீயே சிரித்தாய்.

சேவி சிரிக்கவில்லை. தனக்கு மட்டும் தனிக் குழாய் போட்டு அனுப்புகிறார்கள் என்றான். புகைக்கூண்டு உச்சியில் எரிகிற நெருப்பு உயர்ந்தால் தன்னைப் பற்றிச் சேதி போகிறது என்றான். அப்போது உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். அப்புறமும் நீ அவனை விட்டுக்கொடுக்கவில்லை. கொஞ்ச நாளில் நீ போய்விட்டாய்.

உன் வருஷ நினைவு கழிந்த பிறகு அம்மா நேர்ந்துகொண்டபடி வேளாங்கண்ணிக்குப் போனோம். மொட்டை போட்டுக்கொள்ளச் சேவி சம்மதித்ததே பெரிய விஷயம். லாட்ஜ் அறையில் கடல் காற்று ஜன்னல் கதவைப் படபடவென்று அடித்தது. கீழே கடையில் மீன் வறுக்கிற வாசனை, அறைக்குள் நாங்கள் வாங்கி வைத்த மெழுகுவர்த்தி வாசனை, மொட்டைத் தலைகளில் சந்தனம். சுற்றுவட்டாரத்தில் ஒரு புகைக்கூண்டு கிடையாது. சேவி திடீரென்று எழுந்து, அம்மாவின் ஈரத் துண்டை எடுத்துக் கதவுக்கு அடியில் திணித்தான். "இங்கயும் வந்துட்டானுங்கக்கா" என்றான்.

அம்மா அந்த அறையின் நடுவில் நின்று மூச்சை இழுத்தாள். ஜன்னல் பக்கம் போய் இழுத்தாள். கதவுப் பக்கம் குனிந்து இழுத்தாள். முட்டி வலிக்காரி, தரையில் உட்கார்ந்துகூட முகர்ந்து பார்த்தாள். அப்புறம் என் பக்கத்தில் வந்து, "ஒண்ணுமே வர்லயேடி ஸ்டெல்லா" என்று காதோடு சொன்னாள். மகனுக்கு வாசனை வராதிருக்கட்டும் என்று வருஷக்கணக்கில் ஜெபித்தவள், அன்றைக்குத் தன் மூக்கில் வந்துவிடாதா என்று ஏங்கினாள், நைனா.

திரும்பி வந்ததும் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். நம் தெருவில் 'கீழ்ப்பாக்கம்' என்பதையே ஒரு திட்டாகத்தானே வைத்திருக்கிறோம்? அம்மா பக்கத்து வீட்டில் கண் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு வந்தாள். சேவிக்குத் தூக்கத்துக்கு மருந்து வாங்கலாம் என்று சொன்னேன். அது பொய்யும் இல்லை, அவன் தூங்கியே நாளாகியிருந்தது.

டாக்டர் நாகர்கோவில் பக்கத்துப் பெண். சின்ன வயது. சேவி கேஸ் என்றதும் சிரித்துவிடுவாளோ என்று பயந்தேன், சிரித்திருந்தால் நான் சும்மா இருந்திருக்கமாட்டேன். அவள், "எனக்கும் மணலியைத் தாண்டும்போது வாசனை வரும். உங்களுக்கு வரும்போது அது எதுக்காக வருதுன்னு தோணும்?" என்று கேட்டாள். அவ்வளவுதான், சேவி கொட்டிவிட்டான். யார் அனுப்புகிறார்கள், எதற்கு, இரண்டு ஆண் குரல் அவன் செய்கிற ஒவ்வொன்றையும் பற்றி எப்படிப் பேசிக்கொள்கிறது, "தோ எயிந்துட்டான், தோ தண்ணி குடிக்கிறான்" என்று. அந்தக் குரல்களைப் பற்றி நமக்கு அவன் மூச்சே விடவில்லை. நம்மையும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று மறைத்தானாம்.

டாக்டர் உடனே நோய்க்குப் பேர் வைத்துவிடவில்லை. வாசனை மட்டும் வருகிற வலிப்பு ஒன்று உண்டாம், மூளையில் கட்டி இருந்தாலும் வருமாம். அதனால் தலையை ஸ்கேன் எடுத்தார்கள், தலையில் வயர் ஒட்டிப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். கஞ்சா உண்டா, குடி உண்டா, பட்டறையில் என்ன புகையை சுவாசித்தான் என்றெல்லாம் கேட்டார்கள். எல்லாம் சரியாக இருந்தது. "அப்ப ஒண்ணும் இல்லதானே?" என்றாள் அம்மா ஆசையாக. இந்த நோய் ஸ்கேனில் தெரியாது, பேசிப் பேசி, கூட இருப்பவர்கள் சொல்வதைக் கேட்டு, நாள் போகப் போகப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றாள் டாக்டர். எப்போதிலிருந்து, வேலையில் எப்படி இருந்தான், குளியல், சாப்பாடு, சிநேகிதம் என்று அவள் கேட்கக் கேட்க, நாம் திமிர் என்றும் காதல் என்றும் ஷிப்ட் என்றும் தனித்தனியாகப் பேர் வைத்ததெல்லாம் ஒரே நோயின் அறிகுறிகள் என்று எனக்குப் புரிந்தது.

சில மாதம் கழித்துத்தான் சொன்னாள். மனச்சிதைவு நோய். ஸ்கிசோஃப்ரினியா.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான், நைனா. பேய் இல்லை, ஏவல் இல்லை, திமிர் இல்லை. ஒரே ஆள் இரண்டு ஆளாக மாறுவதும் இல்லை, அது சினிமாக்காரர்கள் கட்டின கதை. சர்க்கரை, பிரஷர் மாதிரி இதுவும் உடம்பில் வருகிற நோய். யாருக்கு ஏன் வருகிறது என்று முழுக்க யாருக்கும் தெரியாது, ஆனால் வளர்ப்பினால் வருவதில்லை. நீ செய்த தப்பு ஒன்றும் இல்லை. நீ டேப் ஒட்டினதையும் கேட்டுக்குப் போனதையும் டாக்டரிடம் சொல்லி, அதனால்தான் முற்றிவிட்டதா என்று கேட்டேன். "சீக்கிரம் வந்திருந்தா நல்லதுதான். ஆனா அப்பா தன் பக்கம் நின்னாருங்கிறதாலதான் அவர் வீட்டை விட்டு ஓடாம இருந்திருக்கார்" என்றாள். நான் அங்கேயே அழுதுவிட்டேன். எனக்கு அழுகை வந்தால் மூக்குத்தான் முதலில் ஒழுகும், உனக்குத் தெரியுமே.

மாத்திரை ஆரம்பித்துச் சில வாரத்தில் குரல் தேய்ந்தது. வாசனை அப்புறம் மெதுவாகப் போனது. ஆனால் மருந்தால் கை நடுங்கியது, ஓயாமல் தூங்கினான், பசி எடுத்துத் தின்று தொப்பை போட்டான். டாக்டர் மருந்தை மாற்றி, குறைத்து, ஒரு வழிக்குக் கொண்டுவந்தாள். ஒருநாள் நான் ஆபீஸிலிருந்து வந்தால் ஜன்னல் டேப்பையெல்லாம் அவனே உரித்துக்கொண்டிருக்கிறான். பெயின்ட்டும் சேர்ந்து உரிந்து சுவரே கலீஜாகிவிட்டது. அம்மா அந்தச் சுவரைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு ஏற்பாடு மட்டும் வைத்துக்கொண்டோம். வாசனை வருகிற மாதிரி இருந்தால் அவன் ஒன்றும் செய்வதற்கு முன்னால் நம்பிக்கையான ஒருவரைக் கேட்க வேண்டும். அவன் என்னைத் தேர்ந்தெடுத்தான். "யக்கா, உனுக்கு வருதா?" என்பான். நான் இழுத்துப் பார்த்து, வந்தால் வருது என்பேன், இல்லாவிட்டால் இல்லை என்பேன். அவன் போய்த் தன் வேலையைப் பார்ப்பான்.

இனிமேல்தான் போன மாதக் கதை. ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா பூசைக்குப் போயிருந்தாள். நான் நாலு நாளாக ஜல்பு பிடித்து, மூக்கு இரண்டும் சிமென்ட் வைத்தது போல அடைத்துக்கிடந்தேன். சேவி வந்து நின்றான். "யக்கா, உனுக்கு வாசனை வருதா? கண்ணு கரிக்குது." நான் இழுத்துப் பார்த்தேன். "இல்லடா" என்றேன். சரி என்று போய் உட்கார்ந்துவிட்டான். கண்ணில் தண்ணீர் வழிய, என் சொல்லை நம்பி உட்கார்ந்திருந்தான், நைனா.

கொஞ்ச நேரத்தில் எழுந்துவந்து என் முகத்தை உற்றுப் பார்த்தான். "உன் மூக்கே வேலை செய்யல, உன்னப் போயி கேட்டேன் பாரு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டு பஷீர் பாயிடம் ஓடினான். பாய் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு பிள்ளைகளை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். "கேட்டுகினு நிக்கிறியே தம்பி, ஓடு, ஏதோ கம்பெனில லீக்காவுது!" என்றாராம். அதற்குள் எனக்கும் தொண்டை எரிய ஆரம்பித்தது. சேவி துண்டை நனைத்து என் முகத்தில் சுற்றி, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். சர்ச்சிலிருந்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு திருவொற்றியூர் வரைக்கும் நடந்தோம். மத்தியானத்துக்கு மேல்தான் திரும்பினோம். நம் தெருவில் யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, மாதாவுக்கு நன்றி.

பேஜாரு அதற்கப்புறம்தான். விசாரிக்க வந்த சித்தப்பா, சேவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அண்ணன் அப்பவே சொன்னாரு. நீயும் சொன்ன. நாங்கதான் உன்னப் பைத்தியம்னுட்டோம். மாத்திரைய தூக்கிக் கடல்ல போடுறா" என்றார். அவர் பாசத்தில்தான் சொன்னார், அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. தெருவிலும் அதே பேச்சு. அன்று சேவி மாத்திரை அட்டையை எடுத்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, "இரு, நான் யோசிக்கணும்" என்றான். மறுநாளும் தொடவில்லை.

நான் டாக்டருக்குப் போன் போட்டேன். சண்டை போடாதீர்கள், சீக்கிரம் கூட்டிவாருங்கள் என்றாள். சண்டை போடாமல் இருக்க எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? உன் மகள்தானே நான். மாத்திரையை நிறுத்தின கொஞ்ச நாளிலேயே நோய் மறுபடி வந்த கதைகளை ஆஸ்பத்திரி பெஞ்சில் எத்தனை கேட்டிருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு பாத்திரங்களை நொங்கு நொங்கென்று வைத்தேன். நீ இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பாய் என்று நினைத்துப் பார்த்தேன். அவன் பக்கம்தான் நின்றிருப்பாய். அது எந்தப் பக்கம் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் அவனே, "வாக்கா, கல்லாண்ட போலாம்" என்றான். கடலோரத்தில் கொட்டியிருக்கிற கருங்கல் மேல் உட்கார்ந்தோம். நான் கேட்டுவிட்டேன். "அன்னிக்கு வந்தது நெசம்னா, முன்னாடி வந்ததும் நெசமாடா?"

"நானும் அதத்தான் ரோசன பண்ணிகினு கீறேன்" என்றான். "முன்னாடி வந்துச்சே, அது எனுக்கு மட்டும் வரும்க்கா. வரும்போதே எம்பேரச் சொல்லிகினு வரும். நான் எங்க போனாலும் அதுக்குத் தெரியும், வேளாங்கண்ணி வரிக்கும் தெரிஞ்சுது. அன்னிக்கு வந்துச்சு பாரு, அதுக்கு நான் யாருன்னே தெரியாது. பாய், அவரு புள்ளைங்க, நீ, நானு, எல்லாம் ஒண்ணுதான் அதுக்கு." என் பக்கம் திரும்பி, "எம்பேரத் தெரிஞ்சது திரும்ப வந்துச்சுனா எனுக்கு பயம்க்கா. வூட்டுக்குப் போயி மாத்திரையப் போட்டுக்கறேன்" என்றான். எந்தப் புத்தகமும் டாக்டரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அவன் தோளில் சாய்ந்து அழுதேன். "அழுவாத, மறுபடி மூக்கு அடச்சிக்கும்" என்றான்.

போட்டுக்கொண்டான், நைனா. அந்த வாரமே டாக்டரையும் பார்த்தோம். கேஸ் கசிந்த கம்பெனி மேல் தெருக்காரர்கள் கொடுத்த புகாரில் அவனும் கையெழுத்துப் போட்டிருக்கிறான். நோயாளி சொல்வதை எடுத்துக்கொள்வார்களா என்று யாரோ முனகினார்களாம். அதற்கு பஷீர் பாய் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது, நீ கேட்டிருந்தால் அவரைக் கட்டிப்பிடித்திருப்பாய்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன் மகன் வாசனை வருதா என்று எப்போது வந்து கேட்டாலும், பைத்தியக்காரன் கேட்கிறான் என்றும் நினைக்கமாட்டேன், பாவம் என்று ஒத்தும் ஊதமாட்டேன். வந்தால் வருது என்பேன். வராவிட்டால் வரவில்லை என்பேன். மூக்கு அடைத்திருந்தால், "எனக்குத் தெரியலடா சேவி, வா, ரெண்டு பேருமா போயி கேட்டுகினு வருவோம்" என்பேன்.

உன் மகள், சேவியரின் அக்கா
ஸ்டெல்லா